புதிய கண் அழுத்தக் கருவியை நம்புவதற்கு முன்

புதிதாக ஒரு கண் அழுத்தக் கருவி மேசைக்கு வந்தால், பெட்டியைப் பிரிக்கும் முன் நான் எங்கள் பழைய கோல்ட்மன் கருவியிடம்தான் போவேன். புதியதை அளக்கப்போகிற அளவுகோல் அதுதான். அளவுகோலே பிழை என்றால் அன்றைக்குப் பார்க்கிற அத்தனை கண்ணும் வீண்.

22 வருஷமாகக் கொழும்பில் கண் பரிசோதகராக வேலை செய்கிறேன். கிழமை நாட்களில் கிளினிக், மாதத்தில் இரண்டு ஞாயிறு கண் முகாம். கொஞ்சக் காலமாகக் கையடக்கக் கருவிகள் நிறைய வருகின்றன. சொட்டு மருந்து வேண்டாம், ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெருக்கிப் பார்க்கிற, விளக்கோடு கூடிய மேசைக் கருவி) வேண்டாம், பத்து செக்கனில் எண் வந்துவிடும். ஏஜென்ட் தம்பிமார் மடிகணினியைத் திறந்து ஒரு வரைபைக் காட்டி, "மிஸ், கோல்ட்மன்னோடு அப்படியே ஒத்துப்போகுது" என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வரைபில் இருப்பது வேறு ஊர்க் கண்கள், பழகிய கைகள், நிதானமான ஓர் ஆய்வறை. நம்முடைய கதிரையில், நம்முடைய கையில், ஒரு காலையில் அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது அது என்ன சொல்கிறது என்று நாமேதான் பார்க்க வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஜிந்துப்பிட்டிப் பக்கமிருந்து ஓர் ஐயா வந்தார். அதற்கு முந்தின வருஷம் ஏதோ ஒரு முகாமில் பார்த்து எழுதிக் கொடுத்த துண்டைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இரண்டு கண்ணும் 19 என்று இருந்தது. எங்கள் கோல்ட்மன்னில் 31. வீதியைக் கடக்கும்போது இடது பக்கத்தால் வருகிற முச்சக்கரவண்டி கிட்ட வந்த பிறகுதான் தெரிகிறது என்றார். முகாமில் பாவித்த கருவி பிழையா, அழுத்தம் பிறகு ஏறியதா என்று கேட்டால் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கருவியை யாராவது எப்போதாவது சோதித்தார்கள் என்பதற்கு ஒரு வரிப் பதிவும் இருக்கவில்லை. குளுக்கோமாவில், அதாவது கண் நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகிற நோயில், போன பார்வை திரும்பி வராது. அன்றிலிருந்து சோதிக்காத கருவியோடு நான் முகாமுக்குப் போவதில்லை.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும், சின்னக் கிளினிக் நடத்துபவர்களுக்கும், முகாம் ஒழுங்குசெய்பவர்களுக்கும் நான் செய்கிற முறையை எழுதுகிறேன். எண்கள் எல்லாம் பாதரச மில்லிமீற்றரில். ஒவ்வொரு தடவையும் அதை எழுத மாட்டேன்.

அளவுகோலைச் சரிபார்ப்பது

கோல்ட்மன் டோனோமீற்றர் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மன் 1950களில் உருவாக்கியது. கண்ணின் முன்னால் இருக்கிற கண்ணாடிப் படலத்தை, அதாவது கோர்னியாவை, ஒரு சின்னப் பிரிசத்தால் மெதுவாக அழுத்தித் தட்டையாக்குகிறோம். தட்டையாகிற வட்டத்தின் விட்டம் 3.06 மில்லிமீற்றர் வரும்போது கோர்னியாவின் விறைப்பு வெளியே தள்ளுவதும் கண்ணீரின் இழுவிசை உள்ளே இழுப்பதும் ஏறக்குறைய ஒன்றையொன்று சமன் செய்துவிடும். அந்த அளவில் 1 கிராம் விசை 10 மில்லிமீற்றர் அழுத்தத்துக்குச் சமம். விசையைக் கூட்டிக் குறைக்கிற, எண் பொறித்த திருகுதான் டிரம். அதில் 2 என்றிருந்தால் 20. கணக்கு இவ்வளவுதான். இத்தனை வருஷம் கழித்தும் புதிய கருவிகள் எல்லாம் இதோடுதான் ஒப்பிடப்படுகின்றன.

கருவியோடு ஓர் உலோகக் கம்பி வரும். அதில் நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் இரண்டிரண்டு கோடுகள். நடுக்கோடு 0, அடுத்தது 2 கிராம், வெளிக்கோடு 6 கிராம். பிரிசத்தைப் பொருத்திவிட்டு, கம்பி இல்லாமல் டிரம்மை 0க்கு ஒரு மயிரிழை கீழே வையுங்கள். பிரிசத்தைத் தாங்குகிற கருவியின் கை உங்கள் பக்கம் சாய வேண்டும். 0க்கு ஒரு மயிரிழை மேலே திருப்பினால் நோயாளி பக்கம் சாய வேண்டும். பிறகு கம்பியின் நீளமான முனை உங்கள் பக்கம் இருக்கும்படி 2 கோட்டில் பொருத்தி, 1.95இலும் 2.05இலும் அதே மாதிரி. கடைசியாக 6 கோட்டில், 5.9இலும் 6.1இலும். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் கை பக்கம் மாற வேண்டும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்.

நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் அந்தக் கம்பி லாச்சியின் அடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடந்தது. ஏதோ ஓர் ஆர்வத்தில் எடுத்துப் பொருத்தினேன். 2 கோட்டில் வைத்துத் திருப்பத் திருப்பக் கை அசையவே இல்லை. 2.3 வந்த பிறகுதான் மெல்லச் சாய்ந்தது. அதாவது உண்மையில் 20 இருக்கிற கண்ணை அந்தக் கருவி 23 என்று சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை பேருக்குத் தேவையில்லாமல் சொட்டு மருந்து தொடங்கியிருப்போம் என்று நினைத்தபோது கை குளிர்ந்துவிட்டது. புதிய கருவியைச் சோதிக்கிற ஒவ்வொரு நாளும் காலையில் இந்தக் கம்பி வேலையைச் செய்து கொப்பியில் எழுதச் சொல்வது அதனால்தான்.

பிரிசத்தின் முகத்தையும் ஸ்லிட் லாம்ப் வெளிச்சத்தில் பாருங்கள். கீறல், விளிம்பில் உடைவு, அளக்கும்போது கண்ணில் இடுகிற மஞ்சள் சாயத்தின் காய்ந்த கறை இருந்தால் மாற்றுங்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில், பத்தில் ஒன்றாகக் கரைத்த பிளீச்சில் ஐந்து நிமிடம், பிறகு சுத்தத் தண்ணீரில் நன்றாக அலசி, துடைத்துக் காயவைப்பது. அலசாமல் விட்டால் கோர்னியா எரிந்துபோகும். ஸ்பிரிட்டில் ஊறப்போடாதீர்கள், பிரிசம் பழுதாகும். ஒன்று ஊறும்போது மற்றது தயாராக இருக்கிற மாதிரி நான்கு பிரிசமாவது வேண்டும். கொழும்பு ஈரக்காற்றில் ஸ்லிட் லாம்ப் கண்ணாடிகளில் பூஞ்சணம் பிடிப்பதும் எங்களுக்குப் பழகின தொல்லை. விளிம்பு மங்கித் தெரிந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

யாருடைய கண்கள்

இதற்கென்று ஒரு சர்வதேச நியமம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 8612. அது கண்களை மூன்று குழுவாகப் பிரிக்கிறது: 7 முதல் 16 வரை, 16க்கு மேல் 23க்குக் கீழ், 23உம் அதற்கு மேலும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 40 கண், ஆக 120. புதிய கருவிக்கும் கோல்ட்மன்னுக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு குழுவிலும் கூடவோ குறையவோ 5க்குள் நிற்க வேண்டும். நூற்றுக்கு 5க்கு மேல் அந்த எல்லையைத் தாண்டக்கூடாது. 40 கண்ணில் இரண்டு தாண்டலாம், மூன்றாவது தாண்டினால் அந்தக் குழுவில் கருவி தோற்றுவிட்டது.

முதல் குழு ஒரு கிழமையில் நிறைந்துவிடும். கண்ணாடி மாற்ற வருபவர்கள், கூட வந்த மருமகள், எங்கள் ஊழியர்கள், எல்லாரும் 12, 14, 15. சாதாரணக் கண்களின் அழுத்தம் பெரும்பாலும் 10க்கும் 21க்கும் இடையில்தான். கஷ்டம் மூன்றாவது குழு. அதனால்தான் பலர் சோதனையை முதல் குழுவோடு முடித்துக்கொண்டு "கருவி நல்லது" என்று எழுதிவிடுகிறார்கள். கண் அழுத்தக் கருவி வாங்குவதே 28ஐக் கண்டுபிடிக்க. 14ஐச் சரியாகச் சொல்வதை மட்டும் பார்த்து அதற்குச் சான்றிதழ் கொடுத்தால் அந்தச் சான்றிதழை நம்பி யார் பார்வையை ஒப்படைப்பது? 120 கண் கிடைக்காத சின்ன இடமென்றால் முதல் குழுவைக் குறையுங்கள். உயர்ந்த குழுவைக் குறைக்காதீர்கள். கிடைத்த எண்ணிக்கையை அப்படியே அறிக்கையில் எழுதுங்கள்.

உயர்ந்த கண்களைத் தேட நல்ல இடம் குளுக்கோமா கிளினிக்தான். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டு, சொட்டு மருந்து தொடங்குவதற்கு முன் இருப்பவர்கள். டொக்டரிடம் முன்கூட்டியே கதைத்து வைத்தால் அன்றைக்கே பத்து நிமிடம் தருவார்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: நமக்கு ஓர் உயர்ந்த எண் வேண்டும் என்பதற்காக யாருடைய சொட்டு மருந்தையும் நிறுத்தச் சொல்லக்கூடாது. கண் சிவந்து, தலைவலியோடு, கோர்னியா மங்கி ஒருவர் வந்தால் அவர் சோதனைக்கு இல்லை. அவரை உடனே டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

கோர்னியாவில் தழும்பு உள்ளவர்கள், லேசர் செய்து கண்ணாடியை விட்டவர்கள், கண்ணில் தொற்று உள்ளவர்கள், கண் நிலையாக நிற்காதவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், ஒரே கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்கள், இவர்களைச் சேர்க்க வேண்டாம். அஸ்டிக்மேற்றிசம், அதாவது கோர்னியாவின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாதது, 3 டயொப்டருக்கு மேல் இருந்தால் அவர்களையும் விடுங்கள். ஒருவரிடம் ஒரு கண்தான். இரண்டு கண்ணும் ஒருவருடையதே என்பதால் இரண்டையும் சேர்த்தால் 40 பேரைப் பார்த்துவிட்டு 80 கண் என்று கணக்குக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். கிளினிக் இலக்கம் ஒற்றையென்றால் வலது, இரட்டையென்றால் இடது. நாம் தெரிவுசெய்வதைவிட இலக்கம் தெரிவுசெய்வது நல்லது.

அனுமதி விஷயமும் இருக்கிறது. இலங்கையில் மருத்துவக் கருவிகளைப் பதிவுசெய்வது, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. ஏஜென்டிடம் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முடிவை ஆய்வாக வெளியிட நினைத்தால் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி தொடங்குவதற்கு முன்பே வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறது. சம்மதப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். கையெழுத்து வாங்குவதற்கு முன் வாயாலும் சொல்லுங்கள். "அம்மா, கண்ணை இரண்டு மெஷினால் பார்ப்பேன். வேண்டாம் என்றால் ஒரு மெஷினால் பார்த்து அனுப்புவேன், அதனால் உங்கள் வைத்தியம் குறையாது." இந்தக் கடைசி வரியைக் கேட்ட பிறகுதான் பலருக்கு முகம் தெளியும்.

அளக்கிற நாள்

என் முதல் ஒப்பீட்டில் 30 கண் பார்த்தேன். 30உம் கோல்ட்மன்னோடு 2க்குள். சந்தோஷத்தோடு தாளைக் கொண்டுபோய் எங்கள் பெரிய டொக்டரிடம் நீட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். "புதிய மெஷினைப் பிடித்தது யார்?" நான்தான். "டிரம்மைத் திருப்பியது யார்?" அதுவும் நான்தான். தாளை மடித்துத் திருப்பித் தந்தார். அடுத்த கிழமை ஒரு தாதியை டிரம் வாசிக்க வைத்து, நான் எண்ணைப் பார்க்காமல் திருப்பினேன். வித்தியாசம் 6 வரை போனது.

நான் ஏமாற்ற நினைத்ததில்லை. புதிய கருவி 17 என்று சொன்னது மனத்தில் இருந்தால், பிரிசத்தினூடாகத் தெரிகிற பச்சை அரைவட்டங்கள் தொட்டும் தொடாமலும் துடிக்கிற அந்த நேரத்தில் விரல் தானாக 17 பக்கத்தில் நின்றுவிடும். கோல்ட்மன்னில் உள்ள அளவுகோடுகள் 2 மில்லிமீற்றருக்கு ஒன்று என்பதால் இரட்டை எண்ணை நோக்கிச் சாய்கிற பழக்கமும் எல்லாருக்கும் உண்டு. ஆகவே இரண்டு பேர் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

எங்கள் ஒழுங்கு இது. புதிய கருவியை ஒருவர் பிடிப்பார், அவர் எண்ணைத் தன் தாளில் எழுதி உறையில் போட்டுவிடுவார். கோல்ட்மன்னில் நான் உட்காருவேன். டிரம்முக்கு மேலே பழைய கலண்டர் அட்டையை வெட்டி மறைப்பாக ஒட்டியிருக்கிறேன், எனக்கு எண் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் ஒவ்வொரு தடவையும் டிரம்மை 10க்குத் திருப்பி வைப்பார், நான் அளந்து "சரி" என்றதும் அவர் வாசித்து எழுதுவார், சத்தமாகச் சொல்ல மாட்டார். இரண்டு தடவை. இரண்டும் 2க்குள் என்றால் சராசரி. 2க்கு மேல் வித்தியாசம் என்றால் மூன்றாவது தடவை எடுத்து, மூன்றில் நடுவில் நிற்கிற எண்.

எதை முதலில்? சொட்டு மருந்து தேவைப்படாத கருவி என்றால் அதுதான் முதல். கண்ணை மரத்துப்போகச் செய்கிற மருந்தும் சாயமும் போட்ட பிறகு அதைத் திரும்பவும் இயல்பான கண்ணில் பார்க்க முடியாது. அதோடு, பிரிசத்தால் திரும்பத் திரும்ப அழுத்தினால் கண்ணுக்குள் இருக்கிற நீர் கொஞ்சம் வெளியேறி அழுத்தம் தானாக இறங்கும். இரண்டு கருவிக்கும் சொட்டு மருந்து வேண்டும் என்றால் வரிசையைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் ஓய்வு. ஆனால் முழு வேலையும் கால் மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். கண் அழுத்தம் நாளுக்குள்ளேயே 3, 4 ஏறி இறங்குகிற சாமான். காலையில் ஒரு கருவி, தேநீர் குடித்துவிட்டு வந்து மற்றது என்றால் நீங்கள் அளந்தது கருவியின் பிழையா பகலின் மாற்றமா என்று பிரிக்க முடியாது.

கோல்ட்மன்னில் அரைவட்டங்களின் உள்விளிம்பும் உள்விளிம்பும் தொட வேண்டும். நாடித் துடிப்போடு அவை விலகிச் சேரும், அந்த ஆட்டத்தின் நடுவைப் பிடியுங்கள். வளையம் தடிப்பாக இருந்தால் சாயம் கூடிவிட்டது, எண் கூடிக் காட்டும், ஒற்றியெடுத்துவிட்டுத் திரும்ப அளவுங்கள். மெல்லிய நூல் மாதிரி இருந்தால் குறைத்துக் காட்டும். இமையைத் தூக்கிப் பிடிக்கிற விரல் எலும்பில் இருக்கட்டும். விரல் நுனி கண்ணில் பட்டாலே அழுத்தம் ஏறிவிடும்.

உட்காருபவரைப் பாருங்கள். புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து நேராக வருகிற சட்டத்தரணிகள் கழுத்துப்பட்டியோடு இருப்பார்கள், "ஐயா, கொஞ்சம் தளர்த்துங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். இறுகின கழுத்துப்பட்டி கண் அழுத்தத்தைக் கூட்டும். மூச்சைப் பிடித்தாலும் கூடும். கொஞ்சம் உடம்பான அம்மாமார் தாடையை வைக்க முன்னால் குனியும்போது மார்பு மேசையில் அழுந்தி மூச்சு நின்றுவிடும். கதிரையை உயர்த்தினால் சரி. ஒரு கொட்டாஞ்சேனை அக்காவுக்கு முதல் தடவை 26 வந்தது. மூச்சு விடச் சொல்லி, பாடசாலை விட்டு வருகிற மகளைப் பற்றி ஒரு நிமிடம் கதைத்துவிட்டு அளந்தேன், 19.

புதிய கருவி எந்த வகையோ அதற்கேற்ற கவனம் வேண்டும். இப்போது அதிகம் வருவது, மெல்லிய கம்பி முனையொன்று பாய்ந்து கோர்னியாவில் பட்டுத் தெறிக்கிற வேகத்தை வைத்து அழுத்தம் சொல்கிற வகை. ஐகேர் என்ற பின்லாந்துக் கருவி அதில் பெயர்பெற்றது. முனை கண்ணிலிருந்து 4 முதல் 8 மில்லிமீற்றர் தூரத்தில், கிடையாக, கோர்னியாவின் நடுவை நோக்கி இருக்க வேண்டும். ஆறு தடவை பட்ட பிறகு ஓர் எண் தரும். கை சரிந்தாலும் ஓரத்தில் பட்டாலும் எண் மாறும். முனைகள் ஒருவருக்கு ஒன்று. செலவை மிச்சம் பிடிக்கக் கழுவித் திரும்பப் பாவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது தொற்றுக்கும் வழி. முனை போய்வருகிற குழாயில் ஈரமும் தூசும் சேர்ந்தால் எண்ணும் பிழைக்கும். காற்று ஊதுகிற வகை என்றால் முதல் ஊதலில் எல்லாரும் திடுக்கிடுவார்கள். கையில் ஒரு தடவை ஊதிக் காட்டிவிட்டு, பிறகு மூன்று அளவின் சராசரியை எடுங்கள்.

முகாமில் யார் பிடிப்பார்களோ அவர்களும் சோதனையில் பிடிக்க வேண்டும். அனுபவசாலி மட்டும் பிடித்துச் சோதித்த கருவியைப் பிறகு ஒரு தொண்டர் பிள்ளையிடம் கொடுத்தால் அந்தச் சோதனை அந்தப் பிள்ளைக்குச் செல்லாது.

திரும்பத் திரும்ப ஒரே பதிலா

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பத்துப் பேரிடம், ஒரே கண்ணில், ஒருவரே மூன்று தடவை. பிறகு வேறொருவர் மூன்று தடவை. ஒரே கையில் மூன்று எண்ணும் 15, 19, 14 என்று சிதறினால் மேற்கொண்டு 120 கண் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. கையைப் பழக்குங்கள், அப்படியும் மாறவில்லை என்றால் கருவியைத் திருப்பிக் கொடுங்கள். பற்றரி நிறைந்திருக்கும்போதும் இறங்கும் நிலையிலும் ஒரு தடவை பாருங்கள்.

சில தயாரிப்பாளர்கள் ரப்பர் கோர்னியா வைத்த செயற்கைக் கண் தருகிறார்கள். அதற்குத் தண்ணீர்க் குழாயால் அழுத்தம் கொடுக்கலாம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு பாரம் என்பதால் 27.2 சென்ரிமீற்றர் உயரத் தண்ணீர் 20க்குச் சமம், 40.8 என்றால் 30. கருவி ஒரே சீராக வேலை செய்கிறதா என்று பார்க்க இது நல்லது. மனிதக் கோர்னியா ரப்பர் மாதிரி நடந்துகொள்ளாது என்பதால் துல்லியத்துக்கு இதை நம்ப மாட்டேன்.

கணக்கு

எக்செலில் நான்கு நிரல் போதும்: கோல்ட்மன், புதியது, வித்தியாசம், கோர்னியாத் தடிப்பு. வித்தியாசம் என்பது புதியதிலிருந்து கோல்ட்மன்னைக் கழிப்பது. எப்போதும் அதே திசையில் கழியுங்கள்.

ஏஜென்ட் காட்டுகிற வரைபில் பெரும்பாலும் தொடர்புக் குணகம் 0.9 என்று தடித்த எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு கருவி எல்லாருக்கும் சரியாக 5 கூட்டிச் சொன்னாலும் தொடர்புக் குணகம் 1 வரும். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை மட்டும்தான் அது சொல்லும், ஒரே எண்ணைச் சொல்கின்றன என்பதை அல்ல. மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் என்ற இரண்டு புள்ளிவிவரவியலாளர்கள் 1986இல் காட்டிய வழிதான் நமக்கு உதவும். வித்தியாசங்களின் சராசரியை எடுங்கள், அவை எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்கிற நியம விலகலை எடுங்கள். விலகலை 1.96ஆல் பெருக்கிச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. சராசரி வித்தியாசம் 1.2, நியம விலகல் 2.1 என்று வைத்துக்கொள்வோம். 2.1ஐ 1.96ஆல் பெருக்கினால் 4.1. எல்லைகள் -2.9உம் +5.3உம். கோல்ட்மன்னில் 18 இருக்கிற ஒருவருக்கு இந்தக் கருவி 15 என்றும் சொல்லலாம், 23 என்றும் சொல்லலாம். "சராசரியாக 1தான் கூட" என்று கேட்கும்போது இருந்த நிம்மதி இப்போது இருக்காது.

பிறகு வரைபு. கிடை அச்சில் இரண்டு கருவியின் சராசரி, நிலைக்குத்து அச்சில் வித்தியாசம். புள்ளிகள் கிடையான ஒரு பட்டையாக இருந்தால் நல்லது. இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கினால் கவனம். தாழ்ந்த கண்களில் 3 கூட்டியும் உயர்ந்த கண்களில் 3 குறைத்தும் சொல்கிற கருவிக்கு மொத்தச் சராசரி 0 என்றே வரும். அப்படியான கருவி 28ஐ 25 என்று சொல்லும். மூன்று குழுவையும் தனித்தனியாகக் கணக்கிடச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு வரைபு, வித்தியாசத்தைக் கோர்னியாத் தடிப்போடு. தடிப்பு சராசரியாக 540 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். மெல்லிய கோர்னியாவில் கோல்ட்மன்னே குறைத்துச் சொல்லும், தடித்ததில் கூட்டிச் சொல்லும். புதிய கருவிகளில் பல இன்னும் கூடுதலாக அப்படிச் செய்யும். 480 மைக்ரோன் கண்ணில் இரண்டு கருவியும் ஒத்துப்போய் 16 என்றால் இரண்டும் சேர்ந்தே பிழைத்திருக்கலாம். தடிப்பைத் திருத்துகிற சூத்திரங்களை நான் பாவிப்பதில்லை, ஒன்றுக்கொன்று உடன்படுவதில்லை. தடிப்பைப் பக்கத்தில் எழுதி டொக்டரிடம் விடுகிறேன்.

ஐஎஸ்ஓ சொல்கிற 5 என்ற எல்லை என் கண்ணுக்குத் தாராளம். முகாமில் சந்தேகமானவர்களைப் பிரித்தெடுக்க அது போதும். சொட்டு மருந்து வேலை செய்கிறதா என்று மாதாமாதம் பார்க்கிற ஒருவருக்கு 5 என்பது மருந்தின் முழுப் பலனையே விழுங்கிவிடும். அந்த வேலைக்குப் பெரும்பாலான கண்கள் 3க்குள் நிற்க வேண்டும் என்று கேட்பேன். இல்லையென்றால் அவர்களைக் கோல்ட்மன்னிலேயே வைத்திருப்பேன். எதுவாயினும் ஒரே நோயாளியை ஒரு தடவை இதிலும் அடுத்த தடவை அதிலும் மாற்றி அளக்கக்கூடாது.

எல்லைகள் தெரிந்த பிறகு முகாமுக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைக்கலாம். மேலே சொன்ன கருவி 2.9 வரை குறைத்துச் சொல்லக்கூடும். அப்படியென்றால் அதில் 19 வந்தவருக்கு உண்மையில் 22 இருக்கலாம். ஆகவே 19உம் அதற்கு மேலும் வந்தவர்களைத் திரும்பக் கோல்ட்மன்னில் பார்க்க அனுப்ப வேண்டும். கொஞ்சப் பேர் வீணாக ஒரு பஸ் ஏறி வருவார்கள்தான். அழுத்தம் சாதாரணமாக இருந்தும் குளுக்கோமா இருப்பவர்கள் நிறைய என்பதால், எண் என்ன வந்தாலும் கண் நரம்பை ஒருவர் பார்க்காமல் துண்டில் "சாதாரணம்" என்று எழுத நான் விடுவதில்லை.

அறிக்கை ஒரு பக்கம் போதும். கருவியின் தொடர் இலக்கம், திகதி, யார் பிடித்தார்கள், எந்தக் குழுவில் எத்தனை கண், மூன்று குழுவின் சராசரி வித்தியாசமும் எல்லைகளும், 5ஐத் தாண்டிய கண்கள் எத்தனை, வெட்டுப்புள்ளி. அதிலிருந்து இரண்டு வரியைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதிக் கருவியின் முதுகிலேயே ஒட்டுங்கள், கோப்பு லாச்சியில் கிடக்கும், கருவிதான் முகாமுக்குப் போகும். கீழே விழுந்தால், திருத்தி வந்தால், பாகம் மாற்றினால் ஸ்டிக்கரை உரித்துவிட்டு இருபது கண்ணிலாவது திரும்பப் பாருங்கள், அதில் ஐந்தாறு உயர்ந்த கண்ணாக இருக்கட்டும்.

கோல்ட்மன்னின் அந்தக் கம்பி இப்போது எங்கள் ஸ்லிட் லாம்ப் மேசையின் பக்கத்தில் ஒரு கொக்கியில் தொங்குகிறது. சோதனை இல்லாத மாதங்களில் முதல் திங்கட்கிழமை, கதவு திறக்கும் முன், புதிதாக வந்த தங்கச்சி அதை எடுத்து 0, 2, 6 என்று பொருத்துகிறாள். நான் பக்கத்தில் நின்று கொப்பியில் எழுதுகிறேன்.